ஒலிவேகத்துக்குக் கீழே போனால் இழுவை இல்லையா?

வாசகர் கேள்வி – 2026 ஜனவரி 9

"வாயு மேகத்துக்குள் ஒரு நட்சத்திரம் போகிறது. அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள வாயுவை இழுக்கிறது, பின்னால் ஒரு குவியல் சேர்கிறது, அந்தக் குவியல் நட்சத்திரத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. இதுவரை புரிகிறது. ஆனால் நட்சத்திரம் ஒலிவேகத்தைவிட மெதுவாகப் போனால், முன்னால் எவ்வளவு வாயு சேருமோ அவ்வளவே பின்னாலும் சேரும், ஆகவே நிகர விசை பூஜ்யம் என்று ஒரு பழைய பாடக்குறிப்பில் படித்தேன். அப்படியானால் மெதுவாகப் போகிற பொருள் காலாகாலத்துக்கும் போய்க்கொண்டே இருக்குமா? தவிர, விண்வெளி வாயு ஆய்வகத்து வெற்றிடத்தைவிட மெல்லியது. அது போய் ஒரு நட்சத்திரத்தை நிறுத்துமா?"

ஜனவரி 9, இரவு

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. இரண்டுமே 'இயக்க உராய்வு' எனப்படும் இந்த ஈர்ப்பு இழுவையைப் பற்றியவை. முதலாவதற்குப் பதில்: விசை பூஜ்யம் இல்லை. நீங்கள் படித்த பாடக்குறிப்பு 1980-இல் ரெஃபேலியும் சால்பீட்டரும் எழுதிய கட்டுரையை ஒட்டியதாக இருக்கும். அவர்கள் ஓட்டம் நிலைபெற்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். அந்த எடுகோளுக்குள் அது சரியான கணக்கு. 1999-இல் ஈவ் ஆஸ்ட்ரைக்கர் 'பொருள் எப்போது கிளம்பியது' என்ற விஷயத்தையும் சேர்த்துக்கொண்டார். விடை மாறிவிட்டது.

இரண்டாவதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. சூரியனைக் கேட்டால் 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்லும். வயதாகி வீங்கிச் சிவந்த செம்பெருமீனின் வயிற்றுக்குள் மாட்டிய நட்சத்திரம் சில மாதங்களில் கதை முடிந்துவிடும். சூத்திரம் இரண்டுக்கும் ஒன்றுதான். நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 10

ஒலிவேகத்துக்குக் கீழான நிலையை முதலில் பார்ப்போம். எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த வாதம் இது. சமன்பாடு இல்லாமலே சொல்லலாம்.

பொருள் ஒரு கணத்தில் ஓரிடத்தில் கிளம்புகிறது என்று வையுங்கள். அதன் ஈர்ப்பு உண்டாக்கும் சலனம் வாயுவில் ஒலிவேகத்தில்தான் பரவும். ஆகவே, சலனம் எட்டிய பகுதி எப்போதும் ஒரு கோளம். அதன் மையம், பொருள் கிளம்பிய இடம். பொருளோ அந்த மையத்திலிருந்து நகர்ந்து கோளத்தின் முன்சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஒலியைவிட மெதுவாகப் போவதால் சுவரைத் தொடாது. ஆக, பொருளிலிருந்து பார்த்தால் முன்சுவர் கிட்டே இருக்கிறது, பின்சுவர் தூரத்தில் இருக்கிறது.

பொருளுக்குப் பக்கத்தில் சேரும் வாயு முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான். சம அடர்த்திப் பரப்புகளை வரைந்தால், பயணத் திசையில் சற்று நசுங்கிய முட்டை வடிவங்களாக வரும், பொருள் நட்டநடுவில் இருக்கும். அவை கொடுக்கும் ஈர்ப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். 1980-இன் பூஜ்யம் இதுதான். ஆனால் முன்சுவரைத் தாண்டும் அளவுக்குப் பெரிய முட்டைகள் முழுமையாக இருக்க முடியாது, ஏனென்றால் சுவருக்கு அப்பால் உள்ள வாயுவுக்குப் பொருள் வந்த செய்தியே இன்னும் போய்ச் சேரவில்லை. அந்தப் பெரிய முட்டைகளுக்கு முன்பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, பின்பாதி இருக்கிறது. இழுவை முழுக்க அந்த வெட்டுப்பட்ட முட்டைகளிலிருந்து வருகிறது.

இப்போது அழகான இடம். கூடுதல் அடர்த்தி தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஓட்டின் பரப்பு தூரத்தின் இருமடியாகக் கூடுகிறது. மூன்றையும் பெருக்கினால், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு அடுக்கும் ஒரே அளவு பங்களிக்கும் என்று வருகிறது. அதாவது மடக்கை. எந்த இரண்டு எல்லைகளின் விகிதத்துக்கு மடக்கை? பின்சுவரின் தூரத்துக்கும் முன்சுவரின் தூரத்துக்கும். நேரம் போகப் போக இரண்டு தூரமும் வளரும், ஆனால் விகிதம் மாறாது. கோளம் பெரிதாகிக்கொண்டே போனாலும் விசை நிலையாக நிற்பது அதனால்தான்.

பொருள் மிக மெதுவாகப் போகும்போது இந்த இழுவை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சிறியதுதான், ஆனால் இருக்கிறது.

ஜனவரி 10, பின்னிரவு

ஒலிவேகத்தைத் தாண்டினால் படமே வேறு. சலனம் எல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒரு கூம்புக்குள் அடங்கிவிடும். முன்னால் ஒன்றுமே இல்லை. வேகத்தைக் கூட்டக் கூட்டக் கூம்பு ஒடுங்கும், விசை வேகத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். கூடவே ஒரு மடக்கை, அது நேரத்தோடு மெல்ல வளரும்.

அந்த மடக்கையை 10 என்று வைத்துக்கொண்டு ஆஸ்ட்ரைக்கரின் சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள். மாக் எண் (பொருளின் வேகத்தை ஒலிவேகத்தால் வகுத்தது) 0.5-இல் விசை 0.2 அலகு. 0.9-இல் 0.7. ஒன்றைச் சற்றே தாண்டி 1.05-இல் ஏறக்குறைய 8. மாக் 2-இல் 2.5. மாக் 10-இல் வெறும் 0.1.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஒலியைப்போல் பத்து மடங்கு வேகத்தில் போகிறவனுக்கு, ஒலியின் பாதி வேகத்தில் போகிறவனைவிடக் குறைந்த இழுவை. எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துப் பழகிய நமக்கு இது மனத்தில் ஏறவே நேரம் பிடிக்கும். இதன் விளைவு முக்கியம்: வேகமாகப் போகிற பொருள் கொஞ்சம் மெதுவானால் இழுவை கூடும், கூடினால் இன்னும் மெதுவாகும், இன்னும் கூடும். ஒலிவேகத்தை நெருங்கும் வரை சறுக்கிக்கொண்டே வந்து, கீழே இறங்கியதும் பிடி தளரும்.

ஜனவரி 12

"பொருள் திடீரென்று ஒரு கணத்தில் கிளம்புகிறது என்பது செயற்கையான எடுகோள்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 'எப்போதும் போய்க்கொண்டிருந்தது' என்பது அதைவிடச் செயற்கையானது என்பது என் பதில். வாயு எல்லையின்றிப் பரந்திருக்க வேண்டும், பொருள் எல்லையற்ற காலமாக நகர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் அந்தப் பூஜ்யம். திரவ இயக்கவியல் படித்தவர்களுக்கு டாலம்பேரின் முரண் ஞாபகம் வரும்: பிசுக்கே இல்லாத திரவத்தில் சீராக நகரும் பொருளுக்குத் தடையே இல்லை என்ற 18-ஆம் நூற்றாண்டு முடிவு. கணக்கு சரி, எந்த மீனும் அப்படி நீந்தியதில்லை.

உண்மையான மேகத்துக்கு வயது உண்டு, ஓரம் உண்டு. சலனக் கோளம் மேகத்தின் ஓரத்தைத் தொடும் வரை ஆஸ்ட்ரைக்கரின் விடை செல்லும். அதற்கப்புறம் மேகத்தின் வடிவம் விடைக்குள் நுழைந்துவிடும்.

இன்னொன்று. பொருள் வாயுவை விழுங்குகிறது என்றால், அதாவது கருந்துளை மாதிரி, நிலைபெற்ற ஓட்டத்திலும் ஒலிவேகத்துக்குக் கீழே இழுவை உண்டு. ஆரன் லீயும் ஸ்டீவன் ஸ்டாலரும் 2011-இல் இதைக் கணக்கிட்டார்கள். விழுங்கும் வீதத்தை வேகத்தால் பெருக்கினால் அதுதான் இழுவை விசை. நின்றுகொண்டிருக்கும் வாயுவைச் சேர்த்துக்கொண்டு போனால் உந்தம் பங்குபோகத்தானே செய்யும்.

ஜனவரி 13

'காற்றுத்தடையும் இதுவும் ஒன்றா?' இல்லை. காற்றுத்தடையில் வாயு பொருளின் மேல்தோலில் மோதுகிறது. இதில் பொருளைத் தொடாத வாயுதான் இழுக்கிறது. பெரும்பங்கு பொருளின் ஆரத்தைப்போல் நூறு, ஆயிரம் மடங்கு தூரத்திலிருந்து வருகிறது.

எது எங்கே பெரிது என்பதற்கு, என் நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கும் ஒரு விதி இருக்கிறது. ஒலிவேகத்தைத் தாண்டிய பொருளுக்கு, மடக்கையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஈர்ப்பு இழுவையைக் காற்றுத்தடையால் வகுத்தால் கிடைப்பது: பொருளின் மேற்பரப்பு விடுபடு வேகத்தை (அதன் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான வேகம்) அதன் பயண வேகத்தால் வகுத்து, நான்காம் அடுக்குக்கு உயர்த்திய எண். வாயுவின் அடர்த்தி இரண்டிலும் ஒரே மாதிரி வருவதால் அடிபட்டுப் போகிறது.

சூரியன் மாதிரி நட்சத்திரத்தின் விடுபடு வேகம் வினாடிக்கு 618 கி.மீ. அது வினாடிக்கு 50 கி.மீ. வேகத்தில் வாயுவுக்குள் போனால், விகிதம் 12-க்குச் சற்று மேல். நான்காம் அடுக்கு 20,000-ஐத் தாண்டுகிறது. காற்றுத்தடையை மறந்துவிடலாம். 2013-இல் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்த விண்கல்லை எடுங்கள். சுமார் 20 மீட்டர் அகலம், வினாடிக்கு 19 கி.மீ. வேகம், அதன் விடுபடு வேகமோ வினாடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவு. அங்கே ஈர்ப்பு இழுவையைப் பற்றிப் பேசுவதே வீண்.

ஒலிவேகத்துக்குக் கீழே இந்த விதியை, மாக் எண்ணின் மும்மடியில் மூன்றிலொரு பங்கால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கோள்கள் உருவாகும் வட்டில் ஒலிவேகம் வினாடிக்கு 1 கி.மீ., எதிர்காற்று 50 மீட்டர் என்று வைத்தால், செரிஸ் என்ற குறுங்கோளின் அளவுள்ள பொருளுக்கு இரண்டு தடையும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் வருகின்றன. அதற்குக் கீழே காற்றுத்தடை ஆட்சி, மேலே போகப் போக ஈர்ப்பின் ஆட்சி. ஒரு பாறை வளர்ந்து வரும்போது, ஒரு கட்டத்தில் அதைப் பிடித்திழுக்கும் கையே மாறுகிறது.

ஜனவரி 14

சூரியன் கணக்கைக் கேட்டவருக்கு:

நம்மைச் சுற்றியுள்ள வாயு மேகத்தை ஊடறுத்துச் சூரியன் வினாடிக்குச் சுமார் 26 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வாயுவின் வெப்பநிலை ஏழாயிரம் கெல்வினை ஒட்டியது, ஆகவே இது ஒலிவேகத்தைத் தாண்டிய பயணம். ஒரு கன சென்டிமீட்டரில் 0.2 ஹைட்ரஜன் அணு, கூடவே கொஞ்சம் ஹீலியம் என்று வையுங்கள். மடக்கை 10. விசை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி நியூட்டன் வருகிறது. பெரிதாகத் தெரிகிறதா? சூரியனின் நிறையால் வகுங்கள். 460 கோடி ஆண்டு முழுக்க இதே மேகத்துக்குள் போயிருந்தாலும், சூரியன் இழந்த வேகம் வினாடிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும்.

இப்போது அதே சூரியனை ஒரு செம்பெருமீனின் உறைக்குள் வையுங்கள். அடர்த்தி கன மீட்டருக்கு 0.1 கிராம், நாம் மூச்சுவிடும் காற்றைவிடப் பன்னிரண்டாயிரம் மடங்கு மெல்லியது. வேகம் வினாடிக்கு 50 கி.மீ. மடக்கையை ஒன்று என்றே வைத்தாலும் வேகம் கரையும் காலம் சுமார் நான்கு மாதம்.

ஜனவரி 16

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது, சூரியனை அப்படி ஒரு வரியில் தள்ளிவிட்டது மனத்தை உறுத்தியது. இழுவை சொற்பம், சரி. ஆனால் பின்னால் சேரும் குவியல் நிஜமாகவே இருக்கிறது. அளந்திருக்கிறார்கள்.

சூரியக் காற்று ஊதி வைத்திருக்கும் குமிழியின் ஓரம் சுமார் 120 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமி-சூரியன் தூரம்) தூரத்தில் இருக்கிறது. 2012 ஆகஸ்டில் வாயேஜர் 1 அதைத் தாண்டியது. மின்னேற்றம் பெற்ற வாயு அந்த ஓரத்தில் விலகிப் போய்விடும். மின்னேற்றமில்லாத ஹீலியம் அணு மட்டும் சட்டை செய்யாமல் உள்ளே வரும். சூரியனை நெருங்கும்போது ஈர்ப்பு அதன் பாதையை வளைக்கும். எல்லாப் பக்கத்திலிருந்தும் வளைந்த பாதைகள் சூரியனுக்குப் பின்னால் ஒரு அச்சில் வந்து குவியும். அங்கே அடர்த்தி கூடிய ஒரு கூம்பு நிற்கிறது. பூமி ஆண்டுதோறும் டிசம்பர் முதல் வாரத்தையொட்டி அதற்குள் புகுந்து வெளியே வருகிறது. போன மாதம்கூட நாம் எல்லாரும் அதற்குள் போய்வந்தோம். ஏஸ், யூலிசிஸ், ஐபெக்ஸ் விண்கலங்கள் இந்த ஹீலியத்தை அளந்திருக்கின்றன.

திசையைச் சொன்னால் உங்களுக்கும் பிடிக்கும். அந்த ஹீலியக் காற்று கேட்டை நட்சத்திரம் இருக்கும் பக்கத்திலிருந்து வருகிறது, ரோகிணி இருக்கும் பக்கம் போகிறது. கார்த்திகை மாதம் நள்ளிரவில் ரோகிணி நம் தலைக்கு மேல் வரும்போது அண்ணாந்து பார்த்தால், சூரியன் போட்ட பின்தடத்தின் அச்சை ஒட்டித்தான் பார்க்கிறோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இந்தத் துறையில் நான் கணினித் திரையிலேயே பார்த்துப் பழகிய ஒன்று, மொட்டைமாடியிலிருந்து கைநீட்டிக் காட்டக்கூடிய திசையில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு நுணுக்கம்: இந்த ஹீலியம் அணுக்கள் வழியில் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது அபூர்வம். ஆகவே இங்கே அழுத்தம், ஒலி எதற்கும் வேலை இல்லை. இது சந்திரசேகர் வகைப் பின்தடம்.

ஜனவரி 16, இரவு

மீரா நட்சத்திரத்தின் வாலை ஒருவர் உதாரணமாகப் போட்டிருக்கிறார். 2007-இல் கேலெக்ஸ் விண்கலம் புற ஊதாவில் கண்ட, 13 ஒளியாண்டு நீள வால். அது வேறு. மீரா தன் உடம்பிலிருந்து கொட்டிக்கொண்டே வரும் வாயு, வினாடிக்கு 130 கி.மீ. பயணத்தில் பின்னால் அடித்துச் செல்லப்படுகிறது. ஈர்ப்பு குவித்த வாயு இல்லை. பின்னால் வால் தெரிந்தாலே இயக்க உராய்வு என்று சொல்லிவிடக் கூடாது. விண்மீன் திரள் கொத்துகளில் தெரியும் எக்ஸ்-கதிர் வால்களில் பலவும் இப்படி உரித்தெடுக்கப்பட்ட வாயுதான்.

ஜனவரி 20

"சந்திரசேகர் வகை என்றால் என்ன?"

1943. சந்திரசேகர் அப்போது விஸ்கான்சினில் யெர்க்ஸ் ஆய்வகத்தில். மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்துப் போனவர் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். வெண்குள்ளன்களின் (எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் மிச்சக் கருக்கள்) எல்லை நிறையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நம் ஊரில் இந்த வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். 'இயக்க உராய்வு' என்ற தலைப்பில் அந்த ஒரே ஆண்டில் மூன்று பகுதிகளாக வெளியிட்டார்.

அவர் கேட்ட கேள்வி வாயுவைப் பற்றியது இல்லை. நட்சத்திரக் கூட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம் மற்றவற்றின் ஈர்ப்பால் தாறுமாறாக உதைபடுகிறது. உதை மட்டுமே இருந்தால் வேகம் கூடிக்கொண்டே போய், கூட்டம் சீக்கிரமே கலைந்துவிட வேண்டும். கலையாமல் இருக்கிறதே, ஏன்? உதைக்கு ஈடாக ஒரு உராய்வு இருந்தே ஆக வேண்டும் என்றார். பிரவுனியன் இயக்கத்தில் வரும் அதே தர்க்கம். பிறகு உராய்வை நேரடியாகவே கணக்கிட்டார்: நம் நட்சத்திரத்தைவிட மெதுவாகப் போகிறவைதான் அதைப் பிடித்திழுக்கின்றன, வேகமாகப் போகிறவற்றின் பங்கு இல்லை என்று விடை வந்தது.

வாயுவில் இந்தப் பிரிவினை கிடையாது. துகள்கள் ஒன்றோடொன்று மோதி, அழுத்தமாகச் சேர்ந்து எதிர்வினை காட்டுகின்றன. ரொம்ப மெதுவான பொருளுக்கும் ரொம்ப வேகமான பொருளுக்கும் இரண்டு சூத்திரமும் ஒரே போக்கில் போகும். ஒலிவேகத்தைச் சற்றே தாண்டிய இடத்தில்தான் வாயு தன் குணத்தைக் காட்டும், இழுவை நட்சத்திரக் கூட்டத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு எகிறும்.

சந்திரசேகர் வகைப் பின்தடத்துக்குப் பெரிய உதாரணம் வேண்டுமென்றால், பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறு விண்மீன் திரள். நம் பால்வீதியைச் சூழ்ந்த ஒளிவட்டத்தில் அது கிளப்பிய பின்தடத்தை, ஒளிவட்ட நட்சத்திரங்களின் முழு வானத்தின் வரைபடத்தில் 2021-இல் காட்டினார்கள்.

ஜனவரி 25

சிமுலேஷனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் வீட்டுக் கணினியில் ஓட்டுவது சின்ன நிரல்தான், ஆனால் இதைக் கண்ணால் பார்க்க அது போதும்.

மாக் 0.7-இல் ஓட்டுங்கள். அடர்த்தியின் குறுக்குவெட்டை வண்ணத்தில் போடுங்கள். முதலில் ஒரு புள்ளி பிரகாசமாகும், அதைச் சுற்றி நசுங்கிய வளையங்கள் விரியும், எல்லாவற்றுக்கும் வெளியே மெல்லிய விளிம்போடு அந்தக் கோளம். புள்ளி அதற்குள் மூக்கை முட்டிக்கொண்டு முன்னே போகும். இழுவையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கோடு ஏறி, சமதளமாகிவிடும். முட்டை வாதத்தை நூறு முறை படித்தாலும், அந்தச் சமதளம் திரையில் கோடாக விழும்போது வருகிற உறுதி வேறு.

கோளம் பெட்டியின் சுவரைத் தொட்ட நொடியில் கோடு நடுங்க ஆரம்பிக்கும். சுவரில் பட்ட அலை திரும்பி வந்து பொருளைத் தொடுகிறது. ஜனவரி 12 குறிப்பில் 'மேகத்தின் ஓரம் விடைக்குள் நுழையும்' என்று எழுதினேனே, அதுவேதான். பெட்டியைப் பெரிதாக்குங்கள், அல்லது சுவர் தொடும் முன் நிறுத்துங்கள்.

இன்னொரு தலைவலி உள் எல்லை. ஒலிவேகத்தைத் தாண்டிய பொருளுக்கு மடக்கையின் கீழ் எல்லை என்ன? பொருளின் ஆரமா, பொருளுக்கு மிக அருகில் ஈர்ப்பு எல்லை மீறாமல் மழுங்கடிக்க நிரலில் நாம் போடும் நீளமா? நிறை சிறியது என்றால் மழுங்கல் நீளத்தை ஒட்டியே எடுக்கலாம். நிறை பெரிதானால் பொருளுக்கு முன்னால் அதிர்ச்சி அலை விலகி நின்றுகொள்ளும், பக்கத்து வாயு முன்னும் பின்னும் சமமாக உட்கார்ந்துவிடும், இழுவை ஆஸ்ட்ரைக்கரின் சூத்திரம் சொல்வதைவிடக் குறையும். ஹியோசுன் கிம்மும் வூங்-டே கிம்மும் 2009-இல் இதை முறையாகச் செய்திருக்கிறார்கள்.

ஜனவரி 27

இதெல்லாம் காகிதக் கணக்கா, வானத்தில் சாட்சி உண்டா என்றால், உண்டு. வி471 டாரி. கார்த்திகைக் கூட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, ஹயாடிஸ் நட்சத்திரக் கொத்தைச் சேர்ந்த இரட்டை நட்சத்திரம். ஒரு வெண்குள்ளனும், சூரியனைவிடச் சற்றுச் சிறிய சாதாரண நட்சத்திரமும் 12.5 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. இடைவெளி சூரிய ஆரத்தைப்போல் மூன்று மடங்கு சொச்சம்.

அந்த வெண்குள்ளன் ஒருகாலத்தில் செம்பெருமீனின் கருவாக இருந்தது. செம்பெருமீனின் ஆரம் சூரியனைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. இப்போதுள்ள இடைவெளியில் அதற்கு இடமே இல்லை. ஆகவே தோழன் முன்பு வெகுதூரத்தில் சுற்றியிருக்க வேண்டும், உறை வீங்கி அதை விழுங்கியிருக்க வேண்டும், உறைக்குள் இழுவையால் சுருண்டு உள்ளே இறங்கியிருக்க வேண்டும். இழந்த ஆற்றலே உறையை வீசியெறிந்தது. 1976-இல் பச்சின்ஸ்கி இந்தக் கதையை முன்வைத்தபோது இந்த இரட்டையும் கையில் இருந்த சாட்சிகளில் ஒன்று. உறைக்குள் சுருளும் கட்டம் எவ்வளவு காலம் என்பதற்குத்தான் மேலே நான்கு மாதக் கணக்குப் போட்டேன். சிறு தொலைநோக்கி இருந்தால், இதைத் தேடிப் பிடித்துவிடலாம்.

பிப்ரவரி 3

இழுவை எப்போதும் பின்னோக்கியே இருக்குமா? இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

இல்லை. பொருள் வேகமான காற்றை ஊதுகிறது என்று வையுங்கள். அது தன்னைச் சுற்றி ஒரு குழியை உண்டாக்கும். எதிரே வரும் வாயு முன்பக்கம் தட்டி, அடர்ந்த ஓடாகக் குவியும். பின்பக்கம் நீளமான வெற்றிடம். இப்போது கனமான பகுதி முன்னால்! நிகர ஈர்ப்பு பொருளை முன்னோக்கி இழுக்கும். 2020-இல் குருசினோவ், லெவின், மாட்ஸ்னர் மூவரும் இதற்கு எதிர்மறை இயக்க உராய்வு என்றே பெயர் வைத்தார்கள். காற்று ஊதாமல் கதிர்வீச்சு மட்டும் வீசினாலும் நடக்கும்: 2017-இல் பார்க், போக்டனோவிச் இருவரும், ஒளிரும் கருந்துளை தன்னைச் சுற்றி வாயுவை அயனியாக்கி, முன்னால் அடர்ந்த ஓட்டைச் சேர்த்து, அதனாலேயே முடுக்கம் பெறுவதைக் காட்டினார்கள். அதே ஆண்டு மாசெட்டும் வெலாஸ்கோ ரோமெரோவும் ஒளிபுகாத வாயுவில் சூடான பொருளை எடுத்தார்கள். சூடுபட்டு அடர்த்தி குறைந்த வாயு பின்னால் தேங்க, பொருளுக்கு உந்துதல் கிடைக்கிறது.

இதைப் படித்த பிறகு, பின்தடம் என்ற படத்தையே நான் வேறு மாதிரி பார்க்கிறேன். எவ்வளவு நிறை, எவ்வளவு வேகம் என்று கேட்டால் மட்டும் போதாது. சுற்றியுள்ள வாயுவை அது என்ன செய்கிறது என்றும் கேட்க வேண்டும். சூத்திரத்தில் நிறை, அடர்த்தி, வேகம் மூன்றும் இருக்கின்றன. பொருளின் நடத்தை இல்லை.

பிப்ரவரி 4

ஆம், சூரியனுக்கும் இது பொருந்தும். ஜனவரி 14 கணக்கில், வாயு வளைந்து குவிய வேண்டிய தூரம் 1.3 வானியல் அலகு. குமிழியின் ஓரமோ 120. மின்னேற்றம் பெற்ற வாயு அந்த இடத்துக்கு வந்து சேர்வதே இல்லை. ஆகவே அந்தப் பத்து சென்டிமீட்டரை மேல்வரம்பு என்றே வையுங்கள்.

பிப்ரவரி 12

வட்டப்பாதையில் சுற்றும் பொருள் தன் பின்தடத்தைத் தானே திரும்பச் சந்திக்கும் என்று ஒருவர் சரியாகவே சுட்டியிருக்கிறார். அதே கிம் இருவரும் 2007-இல் பார்த்தது அதுதான். பின்தடம் சுருளாக வளைகிறது. தூரத்து வால் பொருளுக்கு நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் போய்விடுவதால், மடக்கை வளர்வது நின்றுவிடுகிறது. நேர்கோட்டில் போகும் பொருளுக்கான சூத்திரத்தையே வைத்துக்கொண்டு, வாலின் நீளம் சுற்றுப்பாதையின் விட்டம் என்று எடுத்தால் விடை நன்றாக ஒட்டும். வேலைக்கு உதவும் விதி.

இது முக்கியமாகும் இடம் கருந்துளை இரட்டைகள். இரண்டு விண்மீன் திரள்கள் இணையும்போது, மையக் கருந்துளைகள் நட்சத்திரங்களின் உராய்வால் நெருங்கி வரும். ஏறக்குறைய ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு தூரத்தில், வழியில் தடுக்க நட்சத்திரங்கள் தீர்ந்துபோய்த் திணறும் என்று 1980-இலேயே பெகல்மன், பிளாண்ட்ஃபோர்டு, ரீஸ் எச்சரித்தார்கள். வாயு இருந்தால் கைகொடுக்கும் என்று 2004-05-இல் அந்த்ரேஸ் எஸ்காலா குழுவின் சிமுலேஷன்கள் காட்டின. 2023 ஜூனில் பல்சர் அளவீட்டுக் குழுக்கள் நானோஹெர்ட்ஸ் ஈர்ப்பலைப் பின்னணிக்குச் சான்று கிடைத்ததாக அறிவித்தன. புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியின் தரவும் அதில் சேர்த்தி. அந்தப் பின்னணிக்குப் பெருங்கருந்துளை இரட்டைகளே காரணம் என்றால், அவை எப்படியோ அந்த இடைவெளியைத் தாண்டியிருக்கின்றன.

2024 ஜனவரியில் ஐரோப்பிய விண்வெளி முகமை, விண்வெளியிலிருந்து ஈர்ப்பலைகளை அளக்கப்போகும் லிசா திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2035 ஏவுத் திட்டம், மூன்று கலங்கள், இடையே 25 லட்சம் கி.மீ. வாயு வட்டுக்குள் சுருளும் இரட்டையின் அலை, வெறுமையில் சுருளும் இரட்டையின் அலையைவிட மெல்ல மெல்ல ஏற்ற இறக்கத்தில் முன்பின்னாக விலகும். அந்த விலகல் போதிய அளவு இருந்தால், வாயுவை நேரில் பார்க்காமலே அதன் அடர்த்தியைச் சொல்லிவிடலாம். அதற்கு இழுவையின் அளவும் திசையும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பிப்ரவரி 3 குறிப்பு வெறும் வேடிக்கைக்காக எழுதியதில்லை.

பிப்ரவரி 21

"நட்சத்திரம் கோளை விழுங்கியதே, அதுவும் இதுதானா?" – இசட்டிஎஃப் எஸ்எல்ஆர்என்-2020 பற்றிய கேள்வி. கழுகு விண்மீன் குழுவின் திசையில், சுமார் 12,000 ஒளியாண்டு தூரத்தில், 2020-இல் ஒரு நட்சத்திரம் பத்து நாளில் நூறு மடங்குக்கு மேல் பிரகாசமானது. 2023 மே மாதம் கட்டுரை வந்தது.

நான்காம் அடுக்கு விதியைப் போட்டுப் பாருங்கள். வியாழனின் விடுபடு வேகம் வினாடிக்கு 60 கி.மீ. சூரியன் மாதிரி நட்சத்திரத்தின் மேற்பரப்பை உரசிச் சுற்றும் கோளின் வேகம் 400-ஐ ஒட்டியது. விகிதத்தின் நான்காம் அடுக்கு, இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆரம் மாறாமல் நிறையைப் பத்து வியாழன் ஆக்கினாலும் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாது. அங்கே வேலை செய்தது காற்றுத்தடை, அதற்கு முன்னால் நட்சத்திரத்தருகே கொண்டுவந்து சேர்த்தது ஓத விசை. 2025-இல் ஜேம்ஸ் வெப் அவதானிப்பை வைத்து எழுதியவர்களும், பாதை மெல்லச் சுருங்கி உள்ளே போனது என்றே சொல்கிறார்கள். ஆகவே அது இந்த இழைக்குள் வராது.

கோளுக்கும் நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட பழுப்புக் குள்ளன் ஒன்று செம்பெருமீனுக்குள் போனால் வரும். ஆரம் வியாழன் அளவு, நிறை ஐம்பது வியாழன். விடுபடு வேகம் 400 கி.மீ.யைத் தாண்டும், சுற்றும் வேகம் 50. அதை அடர்த்தி படிப்படியாகக் கூடும் உறைக்குள் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சீரான வாயுவில் கிடைத்த சமதளக் கோடு இங்கே சாய்கிறது, உள்பக்க வாயு அதிகம் வளைந்து பின்தடம் ஒருக்களித்துப் போகிறது. ஓட்டம் முடிந்ததும் வரைபடத்தை இங்கேயே போடுகிறேன்.